வீரசிங்கம் மண்டபம்: ஓர் இரவுக்கு முந்திய ஏழு நாட்கள்

நூற்றாண்டு மலர்க் குழுவினர் எங்களிடம் கேட்டது நீரிழிவு பற்றிய கட்டுரை. வைத்தியர்களாகிய பழைய மாணவிகளிடம் மலர்க் குழுக்கள் வழமையாகக் கேட்பது அதைத்தான். அதை அடுத்த மலருக்கு ஒத்திவைக்கும்படி மன்றாட்டமாகக் கேட்டுக்கொண்டு, 1998ஆம் ஆண்டு உயர்தர உயிரியல் வகுப்பில் இருந்த நாங்கள் வேறொன்றை எழுத முன்வந்தோம். எங்களிற் சிலர் இன்று யாழ்ப்பாணத்தில், சிலர் கொழும்பில், மிகுதிப்பேர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறோம். எல்லோருமாகப் பேசிப்பேசி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தி ஆக்கிய கட்டுரை இது. ஆகையால் "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

எங்கள் பொருள், யாழ். நகரில் முற்றவெளியைப் பார்த்தபடி நிற்கும் வீரசிங்கம் மண்டபம்.

கல்லூரிக்கு அதனோடு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். கல்லூரிச் சுவருக்குள் நடந்தவை பற்றி இந்த மலரில் வேறு பலர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் மூத்த அக்காமார் வெள்ளைச் சீருடையோடு மதிலுக்கு வெளியே போய் நின்ற இடங்களும் கல்லூரி வரலாறுதான் என்பது எங்கள் எண்ணம். அத்தகைய இடங்களுள் இந்த மண்டபம் ஒன்று.

பள்ளிக் காலத்தில் நாங்கள் இந்த மண்டபத்தை அறியோம். பிறந்தது 1979, 1980 ஆண்டுகளில். 1990இல் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது நாங்கள் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். அந்தப் பக்கம் போக எந்தத் தாய் விடுவாள்? 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து செம்மணி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது, நாங்களும் நடந்தோம். திரும்பி வந்தபின் காவலரண்கள், ஊரடங்கு, அடையாள அட்டை. நகரத்துக்குப் போனால் வேலையை முடித்துக்கொண்டு விறுவிறென்று திரும்புவதே வழக்கம். 2002இல் போர்நிறுத்தம் வந்தபின், மருத்துவபீட மாணவிகளாக, ஒரு நாடகம் பார்க்கத்தான் முதன்முதலாக அந்த மண்டபத்துக்குள் காலடி வைத்தோம். நாடகம் நினைவில் இல்லை. இடைவேளையில் வெளியே வந்து நின்றபோது ஒருத்தி, "இதிலைதானே அண்டைக்குச் சனம் செத்தது" என்றாள். "எண்டைக்கு?" என்று மற்றவள் கேட்டாள். இருவருக்கும் வயது இருபத்திரண்டு. கேட்டவளுக்கு விடை சொல்ல எங்களுக்கு நெடுநாள் எடுத்தது.

மண்டபத்தின் பெயரிலிருந்து தொடங்குகிறோம். வீ. வீரசிங்கம் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியில் சுயேச்சையாகப் போட்டியிட்டுப் பாராளுமன்றம் சென்றவர். இவற்றைவிடப் பெரிதாக, வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தின் தூண்களுள் ஒருவர். மண்டபமும் கூட்டுறவு இயக்கத்தின் உடைமையே. இதை இன்றைய இளம் பழைய மாணவிகளுக்குச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் கூட்டுறவு என்றால் அவர்களுக்குச் சங்கக்கடையும் நிவாரணக் காட்டுமே நினைவுக்கு வரும்.

யாழ்ப்பாணத்துக் கூட்டுறவு அதைவிடப் பெரிய விடயம். புகையிலை செய்கிறவன் தன் கன்றுக்கு வட்டிக்காரனிடம் கைநீட்டாமல் இருக்க வேண்டும், மீன்பிடிக்கிறவன் வலைக்காகச் சம்மாட்டியின் காலில் விழாமல் இருக்க வேண்டும் என்ற நோக்கோடு ஊர் ஊராகக் கடனுதவிச் சங்கங்களும் விற்பனைச் சங்கங்களும் எழுந்தன. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்கு. மூளாயில் ஒரு வைத்தியசாலையைக்கூடக் கூட்டுறவாகவே கட்டினார்கள். எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் இன்றும் அதைப் பெருமையோடு சொல்வோம். அரசாங்கம் தராவிட்டால் கைகட்டி நிற்பதில்லை, சேர்ந்து செய்துகொள்வோம் என்ற அந்தப் பழக்கத்தின் நகரத்து வீடுதான் வீரசிங்கம் மண்டபம். அது கச்சேரியின் மண்டபமும் அன்று, மாநகரசபையின் மண்டபமும் அன்று. இந்தச் சிறு வேறுபாடு 1974இல் எவ்வளவு பெரிதாகியது என்பதைப் பின்னால் காண்போம்.

1964 ஜனவரியில், டில்லியில் கீழைத்தேயவியல் அறிஞர்களின் மாநாடு நடந்தபோது அங்கே கூடிய சிலர் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார்கள். முன்நின்றவர் எங்கள் தீவகத்துக் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகளார். மன்றத்தின் முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில், இரண்டாவது 1968இல் சென்னையில், மூன்றாவது 1970இல் பாரிஸில் நடந்தன. நான்காவது இலங்கைக்கு என்று முடிவாயிற்று. இலங்கையில் எங்கே என்பதில்தான் சிக்கல்.

அன்றைய காலத்தை வைத்தியர்களாகிய நாங்கள் ஒரே ஒரு கணக்கால் விளங்கிக்கொள்கிறோம். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழிமூல மாணவருக்கு வேண்டியிருந்த ஆகக் குறைந்த புள்ளி 250. சிங்களமொழிமூல மாணவருக்கு 229. 21 புள்ளி இடைவெளி. எங்கள் கல்லூரியிலிருந்து அவ்வாண்டுகளில் மருத்துவபீடம் போகாமல் நின்ற அக்காமார் எத்தனை பேர் என்பதை யாராவது கல்லூரிப் பதிவேடுகளைப் பார்த்து எழுதினால் நல்லது. அவர்களிற் சிலர் எங்களுக்கு விலங்கியலும் இரசாயனவியலும் படிப்பித்தார்கள். எங்களை மருத்துவபீடத்துக்கு அனுப்பியதும் அவர்கள்தான். 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது. இந்தியாவிலிருந்து தமிழ்ச் சஞ்சிகைகளும் நூல்களும் வருவதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. பெற்றோரின் அலுமாரியில் 1970க்கு முந்திய சஞ்சிகைகள் கட்டுக்கட்டாகவும், பிந்தியவை அருமையாகவும் இருந்ததன் காரணம் எங்களுக்கு வளர்ந்தபின்தான் விளங்கியது.

இந்த நிலையில் மாநாட்டைக் கொழும்பில் நடத்துவதே அரசின் விருப்பமாக இருந்தது. ஏற்பாட்டுக் குழுவுக்குள்ளேயே இருவகைக் கருத்து இருந்தது. கொழும்பில் நடத்தினால் அரசின் ஆதரவு கிடைக்கும், விருந்தினருக்கு வசதி, வீண் சச்சரவு இல்லை என்றவர்கள் இருந்தார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லப் போவதில்லை, அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தமிழ் வழங்கும் மண்ணிலேயே தமிழாராய்ச்சி நடக்கட்டும் என்றவர்கள் மற்றப் பக்கம். இரண்டாவது கருத்தே வென்றது. மன்றத்தின் இலங்கைக் கிளைக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைமை ஏற்றார். நாட்டுக்கூத்தைக் கிராமத்து வெளியிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். நினைத்ததைச் செய்யாமல் விடமாட்டார்.

அரசின் உதவி இல்லை. வருவதற்கு விரும்பிய தமிழ்நாட்டு அறிஞர் சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. மாநகரசபையின் ஒத்துழைப்பும் ஏற்பாட்டாளருக்கு இலகுவில் கிடைக்கவில்லை. மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா ஆளுங்கட்சிக்காரர். எஞ்சியிருந்தது என்ன? சனங்களின் காசு, சனங்களின் வீடுகள், சனங்களின் மண்டபம். மேலே நாங்கள் சொன்ன வேறுபாடு இங்கேதான் வேலை செய்தது. அரசின் முகம் பார்க்கத் தேவையில்லாத, கூட்டுறவாளரின் ஒரு கட்டடம் நகரத்தின் நடுவில் இருந்திருக்காவிட்டால், மாநாடு கொழும்புக்குப் போயிருக்கும்; அல்லது நடக்காமலே போயிருக்கும்.

1974 ஜனவரி 3, வியாழக்கிழமை. மாநாடு தொடங்கியது. நகரம் வாழைகளாலும் மாவிலை தோரணங்களாலும் நிறைந்திருந்ததாகச் சொல்லாதவர் இல்லை. அன்று எங்கள் கல்லூரியில் உயர்தர வகுப்பில் படித்து, தொண்டராகப் போய்வந்த ஓர் அக்காவை அண்மையில் சந்தித்தோம். வயது எழுபதை நெருங்குகிறது. பெயரைப் போட வேண்டாம் என்றார். "என்னத்துக்குப் பிள்ளையள், நான் தண்ணி வார்த்தனான், அவ்வளவுதான்" என்றார்.

தண்ணீர் வார்த்தது மட்டும் அன்று. தமிழ் படிப்பித்த ரீச்சர் இவர்களைக் கூட்டிக்கொண்டு போய், வருகிறவர்களை இருக்கைகளுக்கு அழைத்துச் செல்லும் வேலையில் விட்டிருக்கிறார். வேலை இல்லாத வேளைகளில் சுவரோரம் நின்று ஆய்வுரைகளைக் கேட்டிருக்கிறார்கள். "விளங்கினதோ அக்கா?" என்று கேட்டோம். "அரைவாசி இங்கிலிஷ். விளங்கேல்லை. ஆனால் வெள்ளைக்காரர் ஒராள் எழும்பித் தமிழிலை பேசேக்கை எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது" என்றார். எங்கள் மொழியைப் பற்றிப் பேச எத்தனையோ நாடுகளிலிருந்து மனிதர்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து, புட்டும் சம்பலும் சாப்பிட்டு, உறைப்புக்குக் கண்ணீர் வடித்து, அடுத்த நாள் காலை கல்வெட்டுப் பற்றியும் இலக்கணம் பற்றியும் வாதாடினார்கள் என்பதே பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அவருக்கும் மருத்துவபீடம் தவறியது. அதைச் சொல்லும்போது குரலில் மாற்றமில்லை.

ஏழு நாட்கள் இப்படி. மாநாட்டில் வாசிக்கப்பட்ட கட்டுரைகள் பின்னாளில் தொகுதியாக வெளிவந்தன. அவற்றைப் புரட்டினால் இதில் அரசியல் எங்கே என்றுதான் கேட்கத் தோன்றும். ஒரு வசனத்திற்கூட யாரையும் எதிர்க்காத கட்டுரைகள் பல. ஆனால் கொழும்பில் நடத்து என்றபோது இங்கேதான் நடத்துவோம் என்று சொல்லி, சொன்னபடி நடத்திக் காட்டியது எதிர்ப்பு இல்லையென்றால் வேறென்ன? கல் எறியாமல், கூச்சல் போடாமல், கதிரை அடுக்கி, விருந்தினருக்குச் சோறு போட்டு, நேரத்துக்கு அமர்வைத் தொடங்கிச் செய்த எதிர்ப்பு அது. எங்கள் அம்மாமாருக்கு நன்றாகத் தெரிந்த வகை.

ஆய்வரங்குகள் 9ஆம் திகதியோடு முடிந்தன. 10ஆம் திகதி மாலை, வந்திருந்த அறிஞர்களைப் பொதுமக்களின் முன் கௌரவிப்பதற்கான கூட்டம். திறந்தவெளி அரங்கில் நடப்பதாக இருந்தது. அங்கே நடத்த முடியாமற் போக, வீரசிங்கம் மண்டபத்துக்கு மாற்றினார்கள். மண்டபம் கொள்ளுமா அந்தச் சனத்தை? வாசலுக்கு முன்னால் மேடை போட்டார்கள். வீதியும் முற்றவெளியும் நிரம்பச் சனம் புல்லில் உட்கார்ந்தது. கிராமங்களிலிருந்து குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் ஏராளம். தமிழ்நாட்டுப் பேராசிரியர் நைனா முகம்மது பேசிக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணி தாண்டியிருந்தது. அப்போது பொலிஸார் வந்தார்கள். வழியை விடச் சொன்னார்கள். அவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்திருந்த சனம் எழும்பி வழிவிட எங்கே இடம்? குண்டாந்தடி, கண்ணீர்ப்புகை, பிறகு துப்பாக்கி. வானத்தை நோக்கிச் சுட்டார்கள். வானத்தில் மின்கம்பி இருந்தது. அது அறுந்து கூட்டத்தின் மேல் விழுந்தது.

இறந்தவர்கள் ஒன்பது பேர் என்று அங்கே நிற்கும் நினைவுத்தூண்கள் சொல்கின்றன. பதினொருவர் என்ற கணக்கும் உண்டு. அவர்களிற் பலர் இறந்தது சன்னத்தால் அன்று, மின்சாரத்தால்.

இந்த இடத்தில் வைத்தியர்களாகச் சிறிது நின்று பார்க்க எங்களை அனுமதியுங்கள். வீதியோரக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் மனிதனைத் தூக்கியெறிவதைவிடப் பிடித்து வைத்துக்கொள்வதே அதிகம். தசைகள் இறுகிவிடும், கம்பியைப் பிடித்த கை அதை விடாது. இதயத்தினூடாக ஓர் அம்பியரில் பத்தில் ஒரு பங்கு ஓடினாலே போதும், இதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்கும். இரத்தம் ஓடாது. ஐந்து நிமிடத்துக்குள் யாராவது நெஞ்சை அழுத்திக் கொடுக்காவிட்டால் மூளை இறக்கத் தொடங்கும். நெருங்கி நின்ற கூட்டத்தில் ஒருவரைத் தூக்கப் போனவரையும் மின்சாரம் பிடித்திருக்கும். உடம்பில் பெரிய காயம் இல்லாமலே இறந்திருப்பார்கள். பார்த்தவர்கள் மயக்கம் என்றுதான் நினைத்திருப்பார்கள். நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1960இல். மின்கம்பிகளில் வேலை செய்கிறவர்கள் இறந்துபோவதைத் தடுக்கும் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த முறை அது. அதைக் கண்டவர்களில் முதன்மையானவர் ஒரு மின்பொறியியலாளர். 1974இல் முற்றவெளியில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? புகையும் இருட்டும் ஓட்டமுமாக இருந்த இடத்தில் தெரிந்தும் என்ன செய்திருக்க முடியும்? யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம். ஐந்து நிமிடத்துக்கு அந்தத் தூரமும் அதிகம்.

தண்ணீர் வார்த்த அக்கா அன்று பின்வரிசையில் நின்றதால் தப்பினார். செருப்பைத் தவறவிட்டு, தாவணி கிழிய, ஒரு கடைக்காரரின் வீட்டில் இரவு தங்கியிருந்து விடியப் போனாராம். தகப்பன் அடிக்கவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. கிணற்றடியில் நின்று நிறைய நேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார் என்றார்.

அரசு விசாரணைக்குழு எதையும் அமைக்கவில்லை. குடிமக்கள் தாங்களே ஒன்றை அமைத்தார்கள். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதியரசர் ஓ. எல். டி கிறெற்சர் தலைமை தாங்க, வி. மாணிக்கவாசகரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் உறுப்பினராக இருந்தார்கள். ஒரு பறங்கியர், ஒரு சைவர், ஒரு கிறிஸ்தவப் பேராயர் என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி எண்ணிக் காட்டினாள். சாட்சிகளைக் கேட்டு, பொலிஸாரின் தாக்குதல் தேவையற்றது, நியாயப்படுத்த முடியாதது என்று எழுதினார்கள். ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. அரசு செய்யாததைத் தாங்களே செய்துகொள்ளும் அந்தப் பழைய கூட்டுறவுப் பழக்கம் இங்கேயும் வந்ததைக் கவனியுங்கள்.

அதன்பின் நடந்தவற்றை எல்லோரும் அறிவார்கள். 1974 ஜூன் 5இல் பொன். சிவகுமாரன் நஞ்சருந்தி இறந்தார். 1975 ஜூலை 27இல் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்கள் தலைமுறை பிறந்ததே அந்தத் தொடரின் நடுவில். இவற்றை ஒரே கோட்டில் வைத்து, "வீரசிங்கம் மண்டபத்தில் தொடங்கியது" என்று எழுதுகிறவர்கள் பலர். எங்களுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அந்த இரவைப் போரின் முதல் அத்தியாயமாக மட்டும் வைத்தால், அதற்கு முந்திய ஏழு நாட்களும் வெறும் முன்னுரையாகிவிடும். கோபத்தைப் பெற்றுக்கொண்ட நாங்கள் கதிரை அடுக்கியதை மறந்துவிட்டோம். அக்காவிடம் பேசும்வரை எங்களுக்குள்ளேயே அந்த ஏழு நாட்களைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது; அந்த ஓர் இரவு மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1974 ஒக்ரோபரில், மாநாடு முடிந்து பத்து மாதத்துக்குள், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் திறக்கப்பட்டது. திறந்தது அதே அரசுதான். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அதே வித்தியானந்தன் பின்னர் அதன் துணைவேந்தரானார். 1978இல் மருத்துவபீடம் வந்தது. நாங்கள் அதன் பிள்ளைகள்.

போருக்குப் பின்னரும் இந்த மண்டபம் தன் பழைய வேலையை மறக்கவில்லை. 2013 செப்ரெம்பரில் வடமாகாணசபைக்கான முதலாவது தேர்தல் நடந்து, ஒக்ரோபர் 11 அன்று கூட்டமைப்பின் உறுப்பினர்கள் முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் முன்னிலையில் பதவிப்பிரமாணம் செய்துகொண்டது இங்கேதான். அந்த மாகாணசபையைப் பற்றிய எங்கள் மதிப்பீடுகள் பலவகை. வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் அதைத் தொடங்கினால் இரவு முழுக்கப் போகும். ஆனால் சனங்கள் வாக்களித்துத் தெரிந்தவர்கள் உறுதிமொழி எடுக்க எந்த இடத்தைத் தேடிப்போனார்கள் என்பது மட்டும் எங்களுக்கு முக்கியம்.

இனி, மரபுரிமை பற்றி. எங்கள் நாட்டின் தொல்பொருட் கட்டளைச்சட்டம் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். அதன்படி பழங்காலச் சின்னம் என்பது 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியது. கண்டி ஒப்பந்தத் திகதி அது. அதற்குப் பிந்திய கட்டடம் ஒன்றைக் காக்கவேண்டுமென்றால் அமைச்சர் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். ஆகவே முற்றவெளியின் ஒருபுறத்தில் நிற்கும் ஒல்லாந்தர் கோட்டை சட்டப்படி மரபுரிமை. மறுபுறத்தில் நிற்கும் மண்டபம் சாதாரணக் கட்டடம். எங்களை அடக்கியவன் கட்டியது பாதுகாக்கப்படும், நாங்கள் பங்குப் பணம் சேர்த்துக் கட்டியது பாதுகாக்கப்படாது என்று இதைச் சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முற்றிலும் பிழையுமன்று.

கட்டட அழகு என்று பார்த்தால் மண்டபத்துக்குச் சொல்ல அதிகமில்லை. கோபுரம் இல்லை, செதுக்கு வேலை இல்லை. இப்படிப்பட்ட கட்டடத்தை எப்படி மரபுரிமை என்பது? சிட்னியில் வேலை செய்யும் எங்கள் தோழி இதற்கு ஒரு விடை தந்தாள். அவளது நகரத்தின் நடுவில், எலிசபெத் வீதியில், ஒஸ்ரேலியன் ஹோல் என்று ஒரு மண்டபம் இருக்கிறது. வெள்ளையர் வந்திறங்கி 150 ஆண்டு நிறைந்ததை நாடே கொண்டாடிய 1938 ஜனவரி 26 அன்று, ஆதிக்குடியினர் ஏறத்தாழ நூறு பேர் அங்கே கூடி அதைத் துக்கநாள் என்று அறிவித்து, முழுக் குடியுரிமை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். பின்வாசலால்தான் உள்ளே போகவிட்டார்களாம். பின்னாளில் அந்தக் கட்டடத்தை இடிக்கும் நிலை வந்தபோது போராடிக் காப்பாற்றினார்கள். இன்று அது அந்நாட்டின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. அங்கே காக்கப்படுவது அந்த ஒரு நாள். சுவர் அதற்குச் சாட்சியாக நிற்பதால் சுவரையும் காக்கிறார்கள்.

எங்கள் மண்டபத்தை யாரும் இடிக்கப்போவதாக நாங்கள் கேள்விப்படவில்லை. வீண்பயம் காட்டுவது எங்கள் நோக்கமும் அன்று. ஆனால் கட்டடங்கள் இடிபட்டு மட்டும் அழிவதில்லை. புதுப்பிக்கிறோம் என்று நல்ல மனத்தோடு செய்யும் வேலையிலும் அழியும். வெளிநாட்டிலிருந்து நன்கொடை அனுப்பும் நாங்கள் இதில் குற்றவாளிகள். எங்கள் ஊர்க் கோயில்களில் பழைய தூண்களுக்கு மாபிள் ஒட்டியது யாருடைய காசு? மண்டபத்துக்கு முன்னால் இருக்கும் நினைவுத்தூண்கள் பலமுறை இடிக்கப்பட்டும் மீண்டும் எழுந்தன. அவற்றைக் காக்க வருடாவருடம் ஜனவரி 10இல் ஆட்கள் வருகிறார்கள். பின்னால் நிற்கும் மண்டபத்தை அன்றைக்கும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கடந்த ஜனவரியில் அக்காவையும் கூட்டிக்கொண்டு நாங்கள் நால்வர் போனோம். நினைவுத்தூண்களில் பூ வைத்துவிட்டு மண்டபப் பக்கம் நடந்தோம். கதவு திறந்திருந்தது. உள்ளே ஏதோ ஒரு பரிசளிப்பு விழாவுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா சுவரோரம் போய் நின்று, "இதிலைதான் தண்ணிக்குடம் வைச்சிருந்தனாங்கள்" என்றார். கதிரை அடுக்கிய பெடியன் ஒருவன் எங்களைப் பார்த்து, "மண்டபம் எடுக்க வந்தனீங்களோ, ஒப்பீஸ் அங்காலை" என்றான். இல்லைத் தம்பி, பார்க்க வந்தனாங்கள் என்றோம். இதில் பார்க்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடு அவன் வேலையைத் தொடர்ந்தான். அக்கா ஒரு கதிரையை எடுத்து வரிசையில் நேராக்கி வைத்துவிட்டு வந்தார்.

இனி எங்கள் வேண்டுகோள். அந்த ஏழு நாட்களில் எங்கள் கல்லூரியிலிருந்து போனவர்கள் பலர் இருக்க வேண்டும். தொண்டர்களாக, பாடியவர்களாக, ஆடியவர்களாக, பார்வையாளர்களாக. அவர்களில் இளையவர்களுக்கே இன்று அறுபது தாண்டிவிட்டது. அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், தொண்டர் சின்னம், மலர், ஒரேயொரு கறுப்புவெள்ளைப் படம், அம்மாவின் நாட்குறிப்பில் இரண்டு வரி, எதுவாயினும் உங்களிடம் இருக்கலாம். 1995இல் எங்களிற் பலரின் வீட்டுப் பெட்டகங்கள் போயின. அக்காவின் தொண்டர் சின்னமும் அவற்றோடு போயிற்று. அதற்கு முன்பே வெளிநாடு போனவர்களின் பெட்டிகளில்தான் எஞ்சியவை இருக்கும் என்று நம்புகிறோம். மண்டபத்தில் வைப்பதற்கு ஒரு சிறிய படத்தொகுப்பைத் தயாரித்துக் கூட்டுறவாளர்களிடம் ஒப்படைக்க எண்ணியிருக்கிறோம்.

மூலப்பிரதியை அனுப்ப வேண்டாம். தபாலில் தொலைந்தால் எங்களால் பதில் சொல்ல முடியாது. தொலைபேசியில் எடுத்த படத்தைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால் போதும். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுத்து அனுப்புங்கள். படத்தில் நிற்பவர்களின் பெயர் தெரிந்தால், இடமிருந்து வலமாக எழுதிவிடுங்கள்.